குழாய் எந்தப் பக்கம்

சைலன்சர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்குழாயோடு மெக்கானிக் தில்லைநாதன் முறுக்கியதும், பிக்கப் வண்டி போட்ட கத்தலில் முள்ளியவளைக் கராச்சின் தகரக் கூரை கிடுகிடுத்தது.

வேலியில் இருந்த காகம் ஒன்றும் மிஞ்சவில்லை.

பிறின்சி இரண்டு காதையும் பொத்தினாள். அவளுடைய புருசன் மரியநேசன் பொத்தவில்லை. எஞ்சினை மூடிய பொனற்றில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, முதல் தரம் கடலில் காலை நனைத்த பிள்ளை மாதிரிச் சிரித்தான்.

இந்த மனுசன் இப்படிச் சிரித்து எவ்வளவு காலம்! அவளுக்குச் சந்தோசமும் வந்தது, பயமும் வந்தது. ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. பிக்கப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

தங்கள் ஊரான நாயாற்றில் எல்லாரிடமும் புதுப் பிக்கப் என்றுதான் சொல்லியிருந்தார்கள். என்ன புதுசு, இரண்டு பழசைப் பிரித்து ஒன்றாகப் பூட்டியது. டீசல் எஞ்சின்தான். ஆனால் பொருளாதாரத் தடை போட்ட வன்னிக்குள் டீசலை யார் கண்டது? மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு இருமி இருமி ஓடியது.

மீன் ஏற்றினால் கரை மணலில் நின்று முக்கும். ஐஸும் இல்லாத காலம். மணலில் கொஞ்ச நேரம் சுணங்கினால் போதும், சந்தைக்குப் போவதற்குள் மீன் நாறிவிடும். இரண்டு தரம் நாறினால் பிறகு ஒருத்தனும் இவர்களை நம்பி மீன் தரமாட்டான். வீட்டில் அடுப்பு எரிவது இந்த வண்டியை நம்பித்தான்.

அதனால்தான் இந்த வேலை எல்லாம். எண்ணெய்ப் பம்பைக் கூட்டியாகிவிட்டது. காற்று இழுக்கிற வடியைப் பெரிதாக்கியாகிவிட்டது. குழாய்தான் மிச்சம்.

"வெறுங்குழாயெண்டால் மணலிலை பறக்கும் அண்ணை. அதையே பூட்டுவமோ?" என்று சில்லடியில் குனிந்தபடி கேட்டான் தில்லைநாதன்.

மரியநேசன் மனிசியின் முகத்தைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். "ஓம், ஓம்" என்றான்.

கராச்சில் குந்தியிருந்தவர்களுக்கு நல்ல பகிடி. மனிசி தலையாட்டாமல் மூச்சும் விடமாட்டான் போல என்று அவன் காதுபடவே சொல்லிச் சிரித்தார்கள். பிறின்சியும் சேர்ந்து சிரித்து வைத்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும், அந்தப் பகிடியால் அவளுக்கு ஒரு நட்டமும் இல்லை.

பகிடி விட்டவர்கள் தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போனார்கள். தில்லைநாதன் எஞ்சினை நிற்பாட்டினான். கராச் அமைதியானது.

மாரி பிறந்தால் நாயாற்று வெள்ளம் றோட்டைத் தாண்டிப் பாயும். குழாய் கீழே இருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறிவிடும். அதைக் கூரைக்கு மேலே நிமிர்த்த வேண்டும். தில்லைநாதன் குழாயைத் தூக்கி இடப்பக்கம், பிறின்சி இருந்து போகிற சீற்றுக்குப் பின்னால், நிறுத்திப் பிடித்துப் பார்த்தான்.

அவள் ஓடிவந்து குழாயைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் வேண்டாம் தம்பி. வலப்பக்கம் பூட்டுங்கோ."

"என்னக்கா கதைக்கிறியள்? உங்கடை காது நோகக்கூடாது, அண்ணையின்ரை காது போனால் போகட்டும் எண்டோ?"

அவள் கேற்றடியைத் திரும்பிப் பார்த்தாள்.

தில்லைநாதனுக்குச் சூடேறியது. கிபிர் குண்டு விமானம் வருவது கேளாமல் ஓடிப்போன உழவு மெசின்காரனைப் போன மாதம் அள்ளி எடுத்தவர்களில் அவனும் ஒருவன். இந்த றோட்டில் றைவருக்குக் கண் பாதி, காது பாதி. ஒரு பொம்பிளையின் சொகுசுக்காக ஒரு மனுசனைச் சாகக் கொடுக்க அவன் ஆயத்தமில்லை.

"இஞ்சை, மரியநேசண்ணை, நீங்களே சொல்லுங்கோ."

மரியநேசன் இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். சூடு ஆறாத பொனற்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மரியநேசண்ணை!"

துணி அதே இடத்தில் வட்டம் போட்டது.

தில்லைநாதன் குழாயை நிலத்தில் போட்டான். இரும்பு சீமெந்தில் விழுந்த சத்தத்துக்குத் தெருவில் போன நாய் துள்ளி ஓடியது. மரியநேசன் திரும்பவில்லை. கையைப் பொனற்றில் அழுத்தி வைத்துக்கொண்டு, எஞ்சின் இன்னும் ஓடுகிறதா என்று தடவிப் பார்த்தான்.

தில்லைநாதன் பிறின்சியைப் பார்த்தான்.

"கரையிலை ஷெல் விழுந்த நாளிலை இருந்து" என்றாள் அவள். "ஊர் அறிஞ்சால் ஒருத்தரும் மீன் ஏத்தாயினம் தம்பி. நான் பக்கத்திலை இருந்து கேக்கிறன். கிபிர் கேட்டால் அவரின்ரை துடையிலை ஒரு தட்டு. உடனை நிப்பாட்டிப்போடுவார்."

தேத்தண்ணிக்குப் போனவர்களின் சிரிப்பு கேற்றடியில் கேட்டது.

தில்லைநாதன் குனிந்து குழாயை எடுத்தான். வலப்பக்கம் கொண்டுபோய், றைவர் சீற்றுக்குப் பின்னால் நிமிர்த்திப் பூட்டினான். முறுக்கிப் பார்க்கச் சொல்லிக் கையால் சைகை காட்டினான். மரியநேசன் ஏறி முறுக்கினான். முதுகுக்குப் பின்னால் குழாய் அதிர, ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி மறுபடியும் அந்தச் சிரிப்புச் சிரித்தான்.

பிறகு தில்லைநாதன் இடப்பக்கம் வந்தான். ஒருத்தரும் கேட்காமலே, பிறின்சியின் கதவுக் கண்ணாடியை அப்படியே கழற்றி எடுத்துச் சாக்கில் சுற்றினான்.

"மாரிக்கு நனையப்போறியள் அக்கா."

"நனையிறன்" என்றாள் பிறின்சி.