நூற்றுப்பத்து ஆம்பியர்

"எண்பத்தெட்டு மேடம். இன்னும் இறங்குது" என்றார் லைன்மேன்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து இறங்கும் கம்பியைக் கவ்விப் பிடித்திருந்தது அவர் கையிலிருந்த, கரண்டை அளக்கும் டாங் டெஸ்டர். இன்ஜினியரம்மா டார்ச் அடித்து எண்ணைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார்.

"ஏம்மா, சாயங்காலம் ஆனா வோல்டேஜே வரலைன்னு ஏழு தடவை எழுதிக் கொடுத்தது நீங்கதானே?"

"நான்தான் மேடம்."

"நூற்றுப்பத்து ஆம்பியர் தாண்டினாத்தான் புது டிரான்ஸ்பார்மருக்கு நான் எழுத முடியும். இங்க பார்த்தா, உங்க தெருவுல யாருமே குடியில்லாத மாதிரி காட்டுது."

"தெருவே சன்னியாசம் வாங்கிடுச்சு போல" என்றார் லைன்மேன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் எட்டு மாதக் குழந்தை. மூச்சிரைப்பு. இரண்டு வேளையும் நெபுலைசர் வைத்தாக வேண்டும். காலையில் பிரச்சினை இல்லை. விளக்கு வைக்கும் நேரமானால் அந்த மெஷின் விக்கி விக்கி நின்றுவிடும். மருந்து புகையாகாது. போன வாரம் குழந்தையின் உதடு நீலம் பாரித்து, செருப்புகூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

இன்ஜினியரம்மா நல்லவர். ஆபீசில் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கியிருந்தார். ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்து தெருக்கோடி வரை நீளமாகக் கம்பி போகிறது. பாரம் கூடும்போது கம்பி சூடாகி, வழியிலேயே கரண்டைத் தின்றுவிடுகிறது. தெரு நடுவில் இன்னொன்று வைத்தால் அந்த வீணும் குறையும், கடைசி வீட்டுக்கும் முழு வோல்டேஜ் வரும். ஆனால் பாரம் கூடுதல் என்று அளந்து காட்டியாக வேண்டும். இந்த வருஷப் பட்டியல் இன்றோடு முடிகிறது.

அதனால்தான் தெரு வாட்ஸப் குழுவில் மதியமே போட்டாள். 'மாலை ஏழு மணிக்கு மின்சார ஆபீசிலிருந்து லோடு பார்க்க வருகிறார்கள். எல்லோரும் வழக்கம்போலவே பயன்படுத்துங்கள்.'

முதல் வரியை மட்டும்தான் எல்லோரும் படித்திருந்தார்கள்.

"எண்பத்தொண்ணு" என்றார் லைன்மேன்.

"மேடம், ஒரு பத்து நிமிஷம். எனக்காக இல்ல, குழந்தைக்காக."

இன்ஜினியரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ஏழரைக்கு வேறு இடம் போகவேண்டுமாம். போய்ட்டு வாங்க என்று தலையை ஆட்டினார்.

ஓடினாள்.

முதலில் டைல்ஸ் கடைக்காரர் வீடு. மூன்று ஏசி உள்ள வீடு. ஒன்றுக்குக்கூடச் சத்தம் இல்லை. குடும்பமே வாசலில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஏசியைப் போடுங்க."

எந்த ஏசி என்று கேட்டார் அவர். தலைக்கு மேலேயே ஏசிக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவங்க பிடிக்க வரலைண்ணே. அளக்கத்தான் வந்திருக்காங்க."

"உனக்கென்னம்மா, சொல்லிட்டுப் போயிடுவ. நான் ஒரு ஏசிக்குத்தான் எழுதிக் கொடுத்திருக்கேன். நாளைக்கு வந்து மூணுன்னு எண்ணினா யார் பதில் சொல்றது?"

அவளுக்குள் எதுவோ அறுந்தது.

"எம்புள்ள மூச்சு விட முடியாமக் கிடக்கு. நீங்க கணக்கு பார்க்கிறீங்க. திருட்டுத்தனமா மாட்டத் தெரியுதுல்ல, ஒரு பத்து நிமிஷம் தைரியமா போடத் தெரியாதா? நாளைக்கு எம்புள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, உங்க வீட்டு வாசல்லதான் கொண்டுவந்து கிடத்துவேன்."

அவர் மனைவி எழுந்து உள்ளே போனார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏசிகள் உறுமத் தொடங்கின.

அடுத்து டீச்சர் வீடு. பிள்ளைகளுக்கு நேர்மை சொல்லித் தருகிறவர் பொய்யாக இருட்டில் உட்காரலாமா என்று கேட்டாள். டீச்சர் முகம் சிவக்க எழுந்து ஸ்விட்சைத் தட்டினார். மாடி வீட்டு டிரைவர் அவள் வாயைத் திறக்கும் முன்பே, இதோ போட்டுட்டேன் தாயி என்று கும்பிட்டார். தையல்காரி இரண்டு மெஷினையும் ஓட்டவிட்டு, கூடவே அயர்ன் பாக்ஸையும் சூடேற்றினாள். இஸ்திரி போட இப்போது துணி இல்லையே என்று அவள் புருஷன் முனக, போய் உன் சட்டையைக் கழட்டிக் கொண்டா என்றாள்.

திரும்பி ஓடிவந்தபோது அவளுக்கே மூச்சு வாங்கியது.

"தொண்ணூற்றாறு" என்றார் லைன்மேன். "நூற்றிரண்டு. பரவாயில்லையே, எல்லாருக்கும் உயிர் வருது."

நூற்றைந்து. நூற்றாறு.

அதோடு நின்றது.

மூவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி ஏழு இருபத்தெட்டு.

"உள்ளதைத்தான் நான் எழுத முடியும்மா" என்றார் இன்ஜினியரம்மா. குரலில் வருத்தம் இருந்தது. "ஒரே ஒரு ஏசி போட்டா தாண்டிடும். இன்னும் எந்த மனசாட்சி இல்லாத ஆளு அணைச்சு வெச்சிருக்காரோ."

அவள் தெருவைத் திரும்பிப் பார்த்தாள். எல்லா வீட்டிலும் வெளிச்சம். எல்லாச் சுவரிலும் உறுமல்.

லைன்மேன் டாங் டெஸ்டரைக் கழற்றக் கையைத் தூக்கினார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்."

போனை எடுத்தாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அழுத்தினாள். புருஷன் எடுத்ததும், இன்ஜினியரம்மாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"ஏங்க... கிளம்பறப்போ பயந்துபோய் நான் அணைச்சிட்டு வந்தேனே நம்ம ஏசி, அதைப் போட்டுவிடுங்க."