இடம் விடாத பேரிங்

பைக்கின் முன்சக்கர நடுவில் இருந்த பேரிங் துருப்பிடித்துப் போயிருந்தது. சக்கரம் சுற்றும்போதெல்லாம் கரகரவென்று கத்தியது. ஆனாலும் இடத்தை விடவில்லை.

"இறங்கிடுங்கண்ணே, புதுசு வந்து காத்துக்கிட்டிருக்கு" என்றது சுத்தியல்.

"என்னை விட்டா இந்தச் சக்கரத்தை யார்றா தாங்குவா? உன்னால ஆனதைப் பாரு!"

சுத்தியல் அடித்தது. அதன் கைப்பிடி அதிர்ந்ததே தவிர பேரிங் அசையவில்லை. மெக்கானிக் வேலப்பன் சக்கரத்தின் நடுவில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார். சூட்டில் பிடி கொஞ்சம் தளர்ந்தது. அடுத்த அடியில் பேரிங் தரையில் விழுந்து உருண்டது.

"போச்சு, இனி காயலான் கடைதான்" என்று முனகியது.

வேலப்பன் புது பேரிங்கைப் பழசு இருந்த குழியின் வாயில் வைத்தார். அதன் மேல் நேரடியாகச் சுத்தியலால் அடித்தால் நசுங்கிவிடும். தரையில் கிடந்த பழசை எடுத்துத் துடைத்து, புதுசின் தலைமேல் வைத்தார்.

"என்னை எதுக்குடா மறுபடி கூப்பிடுறீங்க?"

"அதே அளவுல வேற ஆள் இல்லண்ணே. அடி உங்க மேல விழுந்தாத்தான் அது உள்ளே போகும்."

பழசு கீழே பார்த்தது. புதுசு பளபளத்தது, கொஞ்சம் பயந்தும் இருந்தது.

"ஓங்கி அடிடா" என்றது பழசு. "ஆனா கோணாம அடி. அவன் நேரா உட்காரணும்."