கத்தத் தெரிந்தவர்

ஆரஞ்சு ஜூஸ் மொத்தமும் இரும்புக்கடைக்காரரின் புதுச் சட்டையில் இறங்கியது.

"ஐயோ, சாரி சார்!" விமானப் பணிப்பெண் பதறினாள்.

பின் சீட்டுகளுக்குப் போன ஒருவனின் முதுகுப்பை அவள் முழங்கையில் இடித்ததுதான் காரணம். கடைக்காரர் அதைப் பார்த்தார். பார்த்து என்ன? நனைந்தது அவர் சட்டை.

"கண்ணு எங்கம்மா இருக்கு?"

மகள் எடுத்துக் கொடுத்த சட்டை. டிக்கெட்டும் அவள் போட்டதுதான். 'ஒரு தடவையாவது பிசினஸ் கிளாஸ்ல ராஜா மாதிரி வாங்கப்பா' என்றாள். இறங்கினால் ஏர்போர்ட் வாசலில் புதுச் சம்பந்தி நிற்பார், முதல்முதலாகப் பார்க்க.

ராஜா ஏற்கெனவே கடுப்பில்தான் இருந்தார். காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாம் என்று நம்பி வந்தவர். பக்கத்து நாட்டுக்குப் போகிற சின்ன விமானத்தில் படுக்கை கிடையாதாம். சீட்டு கொஞ்சம் சாயுமாம்.

"முடி வெட்டுற கடை நாற்காலி இதைவிடச் சாயும்" என்று முணுமுணுத்தார்.

முன்னால் திரைக்குப் பின்னிருந்து மேற்பார்வையாளர் அம்மாளின் குரல் கேட்டது. "இன்னிக்கு உனக்குக் கடைசி டெஸ்ட். ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்தாலும் வேலை போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்." குரல் உள்ளே போயிருந்தது.

ஒன்று போதுமா? நல்லது.

"அந்த ஒண்ணு என்னோடதா இருக்கட்டும்" என்றார் கடைக்காரர், வாய்விட்டே.

நடைவழிக்கு அந்தப் பக்கம் இருந்த தொப்பைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

விமானம் மேலே போய் நிதானத்துக்கு வந்தது. கடைக்காரர் கை அழைப்புப் பட்டனுக்குப் போனது. அதற்குள் தொப்பைக்காரர் தன் பட்டனை அமுக்கிவிட்டார்.

பெண் ஓடி வந்தாள். அவர் அவளைக் குனியச் சொல்லி, காதோரம் ஏதோ முணுமுணுத்தார். அவள் முகம் மாறியது. "சரி சார்" என்றாள்.

மிரட்டுகிறான் போல, என்று நினைத்துக்கொண்டார் கடைக்காரர்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து.

"என்னம்மா டவல் இது? கை வெந்துபோச்சு!"

வேறு கொண்டு வந்தாள்.

"இது என்ன, ஐஸ்ல நனைச்சியா?"

இன்னொன்று வந்தது. சிரிப்பு மாறவில்லை.

நடுவில் கடைக்காரரிடம் சோடாவும் வெள்ளைத் துணியுமாக வந்தாள். "தேய்க்காதீங்க சார், கறை பரவிடும். ஒத்தி எடுத்தா போயிடும். இறங்கும்போது பளிச்சுன்னு இருக்கணுமில்ல." பொறுமையாக ஒத்தி எடுத்தாள். கறை முக்கால்வாசி காணாமல் போனது.

"ம்" என்றார் அவர்.

மேஜைப் பலகை விரித்து, துணி போட்டு, பீங்கான் தட்டில் சாப்பாடு வைத்தாள். வீட்டில்கூட யாரும் இப்படி வைத்ததில்லை.

"துணி கசங்கியிருக்கு!" என்றார் தொப்பைக்காரர். மாற்றினாள்.

"ரொட்டியா இது? செங்கல்லு!" சூடாக வேறு வந்தது.

கடைக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்ன மனுஷன் இவன்! அவளும் ஒரு வீட்டுப் பொண்ணுதானே?

காபி வந்தது. ஒரு வாய் குடித்த தொப்பைக்காரர் கோப்பையை நங்கென்று வைத்தார்.

"கழனித்தண்ணி! கூப்பிடு உன் மேடத்தை!"

மேடம் வந்தார். பெண் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இந்தப் பொண்ணை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்புங்க. பெரியவர் சட்டையை நாசம் பண்ணினதும் இவதான்!"

கடைக்காரர் எழுந்தேவிட்டார்.

"யோவ், நிறுத்துய்யா! என் சட்டையைப் பத்திப் பேச நீ யாரு? போறவன் பை இடிச்சு ஜூஸ் கொட்டிச்சு. நான் கண்ணால பாத்தேன். இவ்வளவு நேரமா உன்னையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். என் கடையில எவனாவது இப்படி ஆடியிருந்தா சங்கிலியால கட்டிப் போட்டிருப்பேன்! மேடம், இந்தப் பொண்ணு தங்கம். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

தொப்பைக்காரர் சட்டென்று அடங்கினார். "பெரியவரே இவ்வளவு சொல்றார்னா சரி. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்."

மேடம் பெண்ணின் முதுகில் தட்டிக்கொடுத்தார். "டெஸ்ட்ல நீ பாஸ்."

இறங்கும்போது பிசினஸ் கிளாஸ் ஆட்களைத்தான் முதலில் விட்டார்கள். வாசலில் அந்தப் பெண் கடைக்காரரைக் கும்பிட்டாள். தொப்பைக்காரரை அதைவிட ஒரு படி தாழ்ந்து கும்பிட்டாள். கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

விடுவிடுவென்று நடந்துபோய் அவரைப் பிடித்தார். "அந்தப் பிள்ளை அழுதிருந்தா என்னய்யா பண்ணியிருப்ப?"

"எப்படி சார் அழுவா? 'உன்னைக் காப்பாத்தத்தான் திட்டப் போறேன், பயப்படாதம்மா'ன்னு முதல்லயே அவ காதுல போட்டுட்டேனே."

கடைக்காரர் நின்றார்.

"எனக்குத் தொழில் ஹோட்டல் சார். சப்ளையர் மேல கஸ்டமர் கோபப்பட்டா சமாதானம் பேசக்கூடாது. கோபம் ஏறும். கல்லாவை விட்டு வந்து நான் அவரைவிட ரெண்டு மடங்கு கத்துவேன். 'பாவம், விட்டுடுங்க'ன்னு கஸ்டமரே சொல்லிடுவார். நீங்க கம்ப்ளெய்ன்ட் பண்ணப் போறேன்னு சொன்னது காதுல விழுந்துச்சு. அதான்."

கடைக்காரர் சட்டையைத் தடவிக்கொண்டார். ஈரம் காய்ந்திருந்தது.

தொப்பைக்காரர் தொண்டையைச் செருமினார். "எங்க கஸ்டமருங்க எல்லாம் ரெண்டாவது திட்டுலயே இளகிடுவாங்க சார். உங்களுக்குத்தான் காபி வரைக்கும் கத்த வேண்டியதாப் போச்சு."