துணைக்கு மருமகள்

"உங்க நாய்தான் என்னைக் கடிச்சுது. ஆஸ்பத்திரிக்கு உங்க வூட்டு ஆளு யாராவது கூட வரணும்."

முத்தியால்பேட்டையில் அந்தச் சந்து முழுக்கக் கேட்கும்படி, கோவிந்தசாமியின் வீட்டு வாசலில் நின்று ஜஹபர் நிஷா சொன்னாள். புர்காவுக்குக் கீழே கணுக்காலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி. மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். இத்தனை வருஷத்தில் யாரிடமும் குரலை உயர்த்தாதவள், இன்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். அக்கம்பக்கத்தார் காபி டம்ளரோடு வெளியே வந்துவிட்டார்கள். வேடிக்கைக்குக் கேட்கவா வேண்டும்.

"கட்டிப் போட்ட நாய் எப்பிடிம்மா கடிக்கும்?" என்றார் கோவிந்தசாமி.

"நேத்து அவுந்துதானே கெடந்துச்சு?"

அது உண்மைதான். நேற்று அவிழ்ந்து கிடந்த ஜிம்மி, சோறு வைக்கப் போன அவருடைய மருமகள் நிர்மலாவின் கையில் பல்லைப் பதித்திருந்தது. கோவிந்தசாமி பதறவில்லை. வில்லியனூருக்கு அந்தப் பக்கம் நாய்க்கடிக்கு வேர் கட்டுகிற ஒருவரிடம் மருமகளைக் கூட்டிப் போனார். கடிவாயில் பச்சிலையை அப்பி, மணிக்கட்டில் வேரைக் கட்டி, உப்பில்லாத பத்தியத்தில் உட்கார வைத்தாயிற்று. ஊசி போட்டால் வேரின் சக்தி முறிந்துவிடும் என்று வேர் கட்டியவர் சொல்லியிருந்ததால், வீட்டில் ஊசி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

ஓசூரில் வேலை பார்க்கும் மகன் போனில் தயங்கியபோது, வீட்டிலேயே வளர்கிற நாய்க்கு ஏதுடா வெறி என்று அடக்கிவிட்டார். அதே காரணத்தால் ஜிம்மிக்கும் இதுவரை ஒரு ஊசி போட்டதில்லை.

அந்த வைத்தியத்தை இப்போது நிஷாவுக்கும் தாராளமாக நீட்டினார்.

"உனக்குத்தான் தெரியுமே, என் மருமவளையும்தான் கடிச்சுது. ஒரு வேரு கட்டுனோம், முடிஞ்சுது. நீயும் வா, கட்டி வுடச் சொல்றேன்."

"எனக்கு வேரு வேணாம்ணே, ஊசிதான் வேணும். கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போறேன். துணைக்கு உங்க மருமவள அனுப்புங்க."

கோவிந்தசாமி தானே வருவதாகச் சொன்னார். காலில் கடி, ஆம்பளை வந்து என்ன செய்வது என்றாள். எதிர்வீட்டுப் பூர்ணிமாவை அனுப்புவதாகச் சொன்னார். நாய் பூர்ணிமா வீட்டு நாய் இல்லையே என்றாள்.

பூர்ணிமாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு கீறலுக்கு இந்த ஆர்ப்பாட்டமா, கடிபட்ட பெண்ணைப் போய் அலைக்கழிக்கிறாளே என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். காலைக் காட்டு பார்க்கலாம் என்று கேட்கத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. புர்கா போட்டவளிடம் அதை எப்படிக் கேட்பது?

நிஷா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"அனுப்ப முடியாதுன்னா சொல்லிடுங்க. நேரா போலீஸ் ஸ்டேஷன்தான். ஊசி போடாத நாயை அவுத்து வுட்டிருக்கீங்கன்னு எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

போலீஸ் என்றதும் கோவிந்தசாமி இறங்கி வந்தார். உள்ளே திரும்பி, "நிர்மலா, கூடப் போயிட்டு வா. நீ வெளியவே நில்லு. ஊசி கீசின்னா கிட்டப் போவாத" என்றார்.

"ஒரு தடவை மட்டும் இல்லண்ணே. எனக்கு எத்தினி ஊசி போடச் சொல்றாங்களோ, அத்தினி தடவையும் இவதான் வரணும்."

"வருவா, போ" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆட்டோவில் நிர்மலா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு அவ்வளவு ஆத்திரம். ராத்திரியெல்லாம் கையைப் பார்த்துப் பார்த்துப் பயந்து கிடந்தவள் அவள். செத்துப்போய்விடுவோமோ என்று அழுதவள். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஒரு ஆள் இல்லை. இவளுக்கு மட்டும் ஊசியும் உண்டு, துணையும் உண்டு.

நாய்க்கடிக்கு ஊசி போடும் அறையில் டாக்டர் அம்மா நிமிர்ந்து, யாருக்குக் கடி என்று கேட்டார்.

நிஷா குனிந்து கணுக்கால் துணியை அவிழ்த்தாள். அதைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். காலில் ஒரு கீறல்கூட இல்லை.

"இவளுக்குத்தான் டாக்டர்" என்று நிர்மலாவின் கையைப் பிடித்து மேஜைமேல் வைத்தாள். "நேத்து கடிச்சுது. கழுவக்கூட இல்ல, பச்சிலைய அப்பிட்டாங்க."

டாக்டர் முதலில் பச்சிலையை எடுத்துவிட்டு, குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவச் சொன்னார். கடி ஆழம், அதனால் கடிவாயிலேயே ஒரு மருந்தும் போட வேண்டும், அடுத்தடுத்த ஊசிகளில் ஒன்றைக்கூட விடக் கூடாது என்றார். நாயைத் தனியாகக் கட்டி வைத்து மாட்டாஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்றார். அதற்கும் தனியாக ஒரு சண்டை வைத்திருப்பதாக நிஷா சொன்னாள்.

குழாயடியில் நிர்மலாவின் கையைத் தானே தேய்த்துக் கழுவினாள். வேரை மட்டும் தொடவில்லை.

"அது அப்பிடியே கெடக்கட்டும். உன் மாமனாரு கண்ணுக்குத் தெரியணும்."

"அப்ப உங்களக் கடிக்கவே இல்லையாக்கா?"

"நேத்தே வந்து உனக்கு ஊசி போடச் சொல்லி நல்லவிதமா சொன்னேன். எங்க வூட்டு விஷயம், நீ போன்னுட்டாரு. எங்க சாச்சா, அதான் சித்தப்பா, அவருக்கும் இதே வேருதான் கட்டுனாங்க, நிர்மலா. பொழைக்கல."

"தெருவே உங்கள ஏசுதேக்கா."

"ஏசட்டும். அடுத்த ஊசிக்கும் வந்து வாசல்ல நின்னு கத்துவேன். நீ மட்டும் வர இஷ்டமில்லாத மாதிரி மூஞ்சை வச்சுக்கோ."