வேலன் அனுப்பிய பிழைகள்

எல்லப்பன் தினமும் திருத்தணி பிரவுசிங் சென்டருக்குப் போவார். எல்லோருக்கும் இலவசமான ஒரு தமிழ் மென்பொருளின் இணையதளத்தை ஆர்வலர்கள் கூடித் திருத்திவந்தார்கள். அதை நடத்தும் அசோக்குமாருக்கு, ‘வேலன்’ என்ற பெயரில் எழுத்துப்பிழைகளைச் சுட்டி எழுதுவார் அவர்.

“இன்னிக்கு பதில் வந்துச்சா?” என்று கேட்டாள் மனைவி சந்திரா.

“ஆங். ‘நன்றி ஐயா’ன்னு போட்டுக்கிறான்.”

“நீங்க யாருன்னு சொல்லிட்டா என்னங்க?”

“வேற சாதியில கட்டிகினான்னு துரத்திவுட்ட அப்பன்னா சொல்றது?”

மறுநாள், “முகப்பு பக்கம் என்பதில் ‘ப்’ விட்டுப்போயிருக்கிறது” என்று எழுதி அனுப்பினார். சற்று நேரத்தில் பதில் வந்தது.

“சேர்த்துட்டேன். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு, நைனா?”

எல்லப்பன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு எழுந்து, சந்திராவைக் கூட்டிவர வீட்டுக்கு நடந்தார்.