உப்பு மழை பெய்யும் கிரகம்

"கேப்டன் செத்துட்டான் பாய். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்றான் ஐசக்.

மஹபூப் பாஷா சோற்றுத் தூக்கைத் திறக்காமல் அப்படியே கீழே வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி.யில் வருகிற ராக்கெட் சீரியலைப் பற்றித்தான் பேச்சு. இரண்டாவது வாரம்தான் முடிந்திருந்தது. அதற்குள் ஒரு சாவு.

சீரியல் இந்தி. பார்க்கப் போகிற ஆறேழு பேரில் அது புரிகிறவன் பாஷா ஒருவன்தான்; வீட்டில் உருது பேசுகிறவன். ஆனால் பாஷா இதுவரை படத்தைப் பார்த்ததில்லை. இரண்டு வாரமும் மொட்டை மாடியில் ஆன்டெனா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். வசனம் மட்டும் ஜன்னல் வழியாக மேலே ஏறி வந்தது.

ஐசக் டி.வி.க்கு நேர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தவன். அவனுக்கு இந்தியில் ஒரு சொல்கூடத் தெரியாது.

காது ஒருத்தனிடம், கண் ஒருத்தனிடம். சாப்பாட்டு வேளையில் இரண்டையும் ஒட்டிக் கதையாக்குவதில்தான் அவர்கள் தோல் பதனிடும் அந்த டேனரிக்கே ருசி.

பாஷா மாடிக்குப் போனது தன் வாயால்தான். முதல் வாரம், தெருவில் டி.வி. வைத்திருக்கிற ஒரே ஆளான அக்தரி பேகம் வீட்டில் அதைப் போட்டதும், வெள்ளந்தியாக, "ஒண்ணுமே தெரியலையே" என்று சொல்லிவிட்டான். திரைச்சீலைக்குப் பின்னால் சமையல் செய்துகொண்டிருந்த பேகம், "தெரியலன்னு சொன்னவன் எவனோ அவனே மேல போய்த் திருப்பு" என்றாள். அந்த வீட்டில் அதுதான் சட்டம்.

ஏறினான். கம்பத்தை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, "தெரியுதா?" என்று கத்தினான்.

"தெரியுது! அப்படியே புடி!" என்று கீழே எல்லோரும் ஒரே குரலாகக் கத்தினார்கள்.

அன்றைக்குப் பிடித்ததுதான்.

"கேப்டன் சாகல. கடைசியில மூச்சு வாங்கிக்கினே தண்ணி கேட்டாரு. நான் கேட்டேன்" என்றான் பாஷா. "இங்க வெயில் தாங்கலன்னும் சொன்னாரு."

"வெயிலா? அங்க உப்பு மழை கொட்டுது பாய். முதல் வாரத்துலருந்து நிக்கவேயில்ல. அந்த உப்புலதான் கேப்டன் மூழ்கிப் போய்ட்டான்."

ஐசக்குக்கு வேலை உப்புக் கிடங்கில். வந்திறங்கும் பச்சைத் தோலை உதறி உப்பை எடுக்கிறவன். உப்பைப் பற்றி அவன் சொன்னால் மறுத்துப் பேச ஆளில்லை.

தோலைத் தரம் பிரிக்கிற தனகோடி ஊறுகாய் விரலை நக்கியபடி, "அந்த கிரகத்து ஆளுங்களுக்குத் தோலு எப்படிப்பா?" என்று கேட்டார்.

"சுண்ணாம்புக் குழியிலருந்து எடுத்த ஆட்டுத்தோலு மாதிரிண்ணா. சாம்பல் கலரு. உடம்பு பூரா புள்ளி புள்ளியா."

"பூச்சி விழுந்த தோலு. எக்ஸ்போர்ட்டுக்கு ஆவாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தனகோடி அடுத்த உருண்டையைப் பிடித்தார்.

பாஷாவின் மனசு கேப்டனை விட்டு நகரவில்லை. இரண்டு வாரமாக அந்தக் குரலோடுதான் வெயிலில் நிற்கிறான். டிரம்மில் தோல் ஏற்றும்போதுகூட அந்த முகம் எப்படி இருக்கும் என்றுதான் யோசனை. அவ்வளவு கனத்த குரலுக்கு நிச்சயம் மீசை இருக்கும்.

"மீசையா? மழமழன்னு இருக்கான்" என்று ஐசக் அதையும் ஒருமுறை வெட்டிவிட்டிருந்தான்.

பாஷாவுக்குப் பொறுக்கவில்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை கேப்டன் குரல் வந்துச்சின்னா நீ மாடிக்குப் போ. நான் கீழ குந்திப் பார்க்கணும். சரியா?"

ஐசக் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். எல்லோரும் அவனையே பார்த்ததால், "சரி" என்றான்.

ஞாயிறு வந்தது. பாஷா வழக்கம்போலக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். பாட்டு முடிந்தது. ராக்கெட் உறுமியது. கொஞ்ச நேரம் யாரோ ஒரு பொம்பளை அழுதாள்.

அப்புறம் கேட்டது அந்தக் குரல். கனமாக, நிதானமாக, இன்னும் தண்ணீர் கேட்டுக்கொண்டு.

பாஷா கம்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு இரண்டு படியாக இறங்கினான். எதிரே ஐசக் ஏறிக்கொண்டிருந்தான். தோற்றவன் முகம் மாதிரி இல்லை அது. மாட்டிக்கொண்டவன் முகம் மாதிரி இருந்தது. பாஷா அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

ஐசக் விட்டுப் போன இடத்தில் உட்கார்ந்தான். தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். கண்ணையும் நன்றாகத் துடைத்துக்கொண்டு டி.வி.யைப் பார்த்தான்.

சாம்பல் நிறம். அதில் ஓயாமல் வெள்ளைப் புள்ளிகள் கொட்டிக்கொண்டிருந்தன.

ராக்கெட் இல்லை. கிரகம் இல்லை. கேப்டனின் குரல் மட்டும் அந்தப் புள்ளிகளுக்குள்ளிருந்து யாருக்கோ தைரியம் சொல்லிக்கொண்டிருந்தது.

பாஷா இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். ஒருவனும் கண் சிமிட்டவில்லை. தனகோடி வாயைப் பிளந்தபடி, "பார்றா, எவ்ளோ பெரிய ராக்கெட்டு" என்றார்.

மேலேயிருந்து ஐசக்கின் குரல் வந்தது. "பாய்! தெரியுதா?"

திரைச்சீலைக்குப் பின்னால் கரண்டிச் சத்தம் நின்றது.

பாஷாவின் இரண்டு தோளும் இன்னும் வலித்துக்கொண்டிருந்தன.

"தெரியுது! நல்லாத் தெரியுது! ஆடாம அப்படியே புடி!" என்று கத்திவிட்டு, காலை நீட்டி வசதியாகச் சாய்ந்துகொண்டான்.

கேப்டனுக்குப் பெரிய மீசைதான் இருந்தது.