யானை விழும் விளையாட்டு

ஏழு வயது நறுமுகை சாயங்கால விளையாட்டில் எவ்வளவு சிரிக்கிறாள் என்று சுவரிலிருந்த கருவி மார்க் போடும்; என்ன விளையாட வேண்டும் என்றும் அதுவே சொல்லும். வருஷக் கடைசியில் அது தொண்ணூறுக்குக் குறைந்தால் பள்ளிக்கூடத்தில் அவளைக் கடைசிப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

பரமபதத்துக்கு நாற்பது, கண்ணாமூச்சிக்கு அறுபது என்று இழுத்துக்கொண்டிருந்தது. போன மாதம் யானைபோலப் பிளிறிக்கொண்டு ஓடிய அப்பா தணிகாசலம், கால் இடறி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். வலி தாங்காமல் அவன் கத்தக் கத்த, குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தொண்ணூற்றேழு!

அதன் பிறகு கருவி வேறு விளையாட்டே சொல்வதில்லை. தினமும் ஆறு மணிக்கு அப்பா விழ வேண்டும். சோபாவிலிருந்து விழுந்தான், நாற்காலியிலிருந்து விழுந்தான். ஆனாலும் மார்க் இறங்கிக்கொண்டே வந்தது. நேற்று எண்பத்தொன்பது. இன்று கருவி மாடிப்படியைச் சொன்னது.

மேல்படியில் நின்று தணிகாசலம் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான். அவன் கீழே விரித்துவைத்த மெத்தையை மனைவி சுகந்தி சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"மெத்த இருந்தா அவ சிரிக்க மாட்டேங்கறாளே, நான் என்ன பண்ணட்டும்?" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

நறுமுகை கடைசிப் படிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, நேத்து நீ நடிச்ச. எனக்குத் தெரியும். இன்னிக்கு நெஜமா கத்தணும், சரியா?"

"சரிடா கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியை விட்டான்.